சுவிட்சுக்கு மொழி கிடையாது

பிளேஸ்டேஷன் 3-க்கென்று செய்த பழைய ஆர்கேட் ஸ்டிக் ஒன்று, சென்னையில் யாரோ விற்றுக் கழித்தது, செஞ்சியில் ஒரு கல்லூரி மாணவர் கைக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் செருகுகிறார், ஓடுகிறது. பக்கத்து வீட்டு எக்ஸ்பாக்ஸ் 360-ல் செருகுகிறார். ஓர் அசைவும் இல்லை. அத்தை மகனின் பிளேஸ்டேஷன் 4-ல் செருகுகிறார், மெனுகூட நகரவில்லை. ஆனால் அதே பிளேஸ்டேஷன் 4-ல், சாதாரண கன்ட்ரோலரைக் கொண்டு ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ ஆட்டத்துக்குள் போய் ஓர் அமைப்பை மாற்றினால், செத்துக் கிடந்த ஸ்டிக் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

மூன்று பெட்டிகளிலும் இருப்பது ஒரே வடிவ யு.எஸ்.பி. துளை. கையில் இருப்பதும் ஒரே ஸ்டிக். அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? லீவரிலா, வயரிலா, பெட்டியிலா? இதற்கு விடை தெரிந்தால், ஒரே ஸ்டிக்கை எல்லாக் கன்சோல்களிலும் ஓட வைப்பது எப்படி என்பதும் தெரிந்துவிடும்.

அடித்தட்டைக் கழற்றினால்

திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றம்தான். பெரும்பகுதி வெற்றிடம். ஒரு லீவர், எட்டுப் பெரிய பட்டன்கள், ஓரத்தில் இரண்டு மூன்று சிறிய பட்டன்கள், ஒரு மூலையில் சின்ன சர்க்யூட் போர்டு, இவற்றை இணைக்கும் வயர்கள். அவ்வளவே.

லீவரிலிருந்து தொடங்குவோம். ஜப்பானின் சன்வா டென்ஷி நிறுவனம் செய்யும் ஜே.எல்.எஃப். என்ற லீவர் இந்தத் துறையில் மிகவும் பரவலானது. அதன் தண்டின் அடிமுனையைச் சுற்றி நான்கு மைக்ரோசுவிட்சுகள் உட்கார்ந்திருக்கின்றன. மேலே பந்தை வலப்பக்கம் தள்ளினால் கீழ்முனை இடப்பக்கம் நகர்ந்து அங்குள்ள சுவிட்சை அமுக்கும். மூலைக்குத் தள்ளினால் அடுத்தடுத்த இரண்டு சுவிட்சுகள் சேர்ந்து மூடும். நான்கு சுவிட்சுகளைக் கொண்டு எட்டுத் திசைகள் கிடைப்பது இப்படித்தான். கையை எடுத்ததும் ஒரு சுருள்வில் தண்டை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும்.

மைக்ரோசுவிட்சுக்குள் விறைப்பாக வளைத்த ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. குறிப்பிட்ட புள்ளி வரைக்கும் அமுக்கினால் ஒன்றும் நடக்காது. அதைத் தாண்டிய கணத்தில் தகடு ‘டிக்’ என்று மறுபக்கம் பாய்ந்து மின்சுற்றை மூடும். மெதுவாக அமுக்கினாலும் வேகமாக அமுக்கினாலும் தகடு பாயும் வேகம் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் ‘இதோ பட்டது’ என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பாய்ந்த தகடு உடனே அடங்கிவிடுவதில்லை. சில மில்லி விநாடிகளுக்குள் பல முறை துள்ளி, தொட்டு, விலகி, பிறகே நிலைகொள்ளும். ஓர் அமுக்கை ஐந்து அமுக்காக எண்ணிவிடாதபடி இந்தத் துள்ளலை வடிகட்டுவது சர்க்யூட் போர்டின் வேலை.

இத்தனை சிரத்தை எதற்கு? 1991-ல் கேப்காம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆறு தாக்குதல் பட்டன்களை வைத்தது. அதோடு கீழ், கீழ்-மூலை, முன் என்று லீவரைக் கால்வட்டமாகச் சுழற்றி, சரியான நேரத்தில் பட்டனைத் தட்டினால்தான் விசேஷத் தாக்குதல் வரும் என்றும் வைத்தது. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு முறைக்கு 16.7 மில்லி விநாடி. இப்படிச் சில முறைக்குள் முடிக்க வேண்டிய அசைவைப் பல ஆண்டுப் பழக்கத்தில் மணிக்கட்டு கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கம் ஒரு குறிப்பிட்ட லீவரின் எடையோடும் பட்டன்களின் இடைவெளியோடும் ஒட்டிக்கொண்டுவிடும்.

ஆட்டக்காரர் ஸ்டிக்கை மாற்ற விரும்பாததற்குக் காரணம் இதுதான். கன்சோல்களோ மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்த வரிசையின் நான்காம் ஆட்டம் 2009-ல் பிளேஸ்டேஷன் 3-லும் எக்ஸ்பாக்ஸ் 360-லும் வந்தது. ஐந்தாவது 2016-ல் பிளேஸ்டேஷன் 4-ல். ஆறாவது 2023-ல் பிளேஸ்டேஷன் 5 உட்படப் பல பெட்டிகளில். அதே 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக நடந்தது. இந்திய வீரர்களும் ஆடினார்கள். தங்கம் வென்ற தென் கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. கைப்பழக்கத்தின் ஆயுள் எந்தக் கன்சோலின் ஆயுளையும்விட நீளம்.

ஒரு கிரவுண்ட், பல வயர்கள்

பட்டன் அமுக்கப்பட்டதை போர்டு எப்படி அறிகிறது? ஒவ்வொரு பட்டனுக்கும் சில்லில் ஒரு கால் உண்டு. அந்தக் காலை ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடு இணைத்திருப்பார்கள். பட்டன் திறந்திருக்கும்போது கால் 5 வோல்ட்டில் நிற்கும். பட்டனின் மறுமுனை கிரவுண்டில் இருப்பதால், அமுக்கியதும் காலின் மின்னழுத்தம் சுழியத்துக்கு இறங்கிவிடும். ரெசிஸ்டர் 10 கிலோ ஓம் என்றால், அமுக்கும்போது ஓடும் மின்சாரம் அரை மில்லி ஆம்பியர்தான். ‘மேலே’ என்றால் அமுக்கவில்லை. ‘கீழே’ என்றால் அமுக்கியாயிற்று. சுவிட்சுக்குத் தெரிந்தது இந்த இரண்டு நிலை மட்டுமே. அது சோனிக்கு வேலை செய்கிறதா, மைக்ரோசாஃப்டுக்கா என்ற விவரம் அதற்கு வேண்டியதில்லை.

எல்லா சுவிட்சுகளின் ஒரு முனையையும் ஒரே கிரவுண்ட் வயரில் கோத்துவிடலாம். மறுமுனையிலிருந்து பட்டனுக்கு ஒரு வயர். நான்கு திசை, எட்டு பட்டன், ஸ்டார்ட், செலக்ட், ஹோம் என்று 15 வயர்கள், ஒரு கிரவுண்ட்: மொத்தம் 16. ஸ்டிக்கின் இயந்திரப் பகுதி இங்கே முடிந்துவிடுகிறது. இந்த 16 வயர்களுக்கு அப்பால் இருப்பதெல்லாம் பேச்சு, அதாவது பட்டன்களின் நிலையைக் கன்சோலுக்குச் சொல்லும் முறை.

வீடியோ கேம் கடைகளில் நின்ற பெரிய பெட்டிகள் இதை முன்பே கண்டுகொண்டன. 1980-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வயரிங் செய்துவந்தது. 1985-ல் ஜப்பானில் ஜாமா என்ற பொது ஏற்பாடு வந்தது. 56 தொடுமுனைகள் கொண்ட ஒரே இணைப்பான். எந்தத் தொடுமுனை எந்தப் பட்டன் என்பது எல்லோருக்கும் பொது. கடைக்காரர் புது ஆட்டம் வேண்டுமென்றால் பலகையை மட்டும் உருவி வேறொன்றைச் செருகினால் போதும். மரப்பெட்டியும் லீவரும் திரையும் அப்படியே இருக்கும். ஆறு பட்டன் கேட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது ஜாமாவில் இடம் போதவில்லை. உதைகளுக்கென்று தனியாக ஒரு சிறு இணைப்பானைச் சேர்த்துச் சமாளித்தார்கள். வீட்டுக் கன்சோல்களில் இப்படி ஒரு பொது ஏற்பாடு அமையவே இல்லை.

பேச்சு மாறிய கதை

1977-ல் வந்த அடாரி 2600 மிக எளிமையானது. 9 முள் பிளக். திசைக்கு ஒரு வயர், பட்டனுக்கு ஒரு வயர், ஒரு கிரவுண்ட். பேச்சே இல்லை, சுவிட்சுகள் நேரடியாகப் பெட்டிக்குள் போய்விடும். அந்த ஜாய்ஸ்டிக்கை கமடோர் 64 கம்ப்யூட்டரிலும் செருகி ஆட முடிந்தது அதனால்தான். ஆனால் பட்டன்கள் கூடக் கூட வயரும் தடித்துக்கொண்டே போகும்.

1983-ல் நின்டெண்டோ ஃபாமிகாமில் வேறு வழி எடுத்தது. கன்ட்ரோலருக்குள் 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சில்லு. கன்சோல் ஒரு வயரில் ‘இப்போதைய நிலையைப் பிடித்துவை’ என்று ஒரு துடிப்பு அனுப்பும். சில்லு எட்டுப் பட்டன்களின் நிலையையும் ஒரே கணத்தில் பதிந்துகொள்ளும். இன்னொரு வயரில் துடிப்பு வர வர, மூன்றாவது வயரில் ஒவ்வொரு பட்டனாக வரிசையில் வெளியே வரும். எட்டுப் பட்டனுக்கு மூன்று சமிக்ஞை வயர்கள் போதும். இந்தக் கேள்வி-பதில் ஜப்பானிய டிவிகளில் விநாடிக்கு 60 முறை நடந்தது. நம் நாட்டைப் போலப் பால் (PAL) என்ற டிவி முறையைப் பின்பற்றிய இடங்களில் 50 முறை.

1990-களில் நம்மூர்ப் பிள்ளைகள் கேசட் போட்டு மரியோவும் கான்ட்ராவும் ஆடிய டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஃபாமிகாமின் நகல்களே. அவற்றில் பலவற்றுக்கு அடாரியைப் போன்றே 9 முள் பிளக் இருந்தது. சேகாவின் மெகா டிரைவிலும் அதே 9 முள். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தும். ஆனால் அடாரி நேரடியாகச் சொல்லும், ஃபாமிகாம் வரிசையாகச் சொல்லும், மெகா டிரைவ் ஒரு தேர்வு வயரின் நிலையைப் பொறுத்து ஒரே வயரில் இரண்டு பட்டன்களை மாற்றி மாற்றிச் சொல்லும். பிளக்கின் வடிவம் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்ட பாடம்.

1994-ல் வந்த முதல் பிளேஸ்டேஷனில் உரையாடல் இருவழி ஆனது. கன்சோல் ‘யார் நீ?’ என்று கேட்கும். கன்ட்ரோலர் தன் வகையை ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகே பட்டன்களின் நிலையை அனுப்பும். யு.எஸ்.பி. இதையே விரிவாக்கியது. செருகியதும் கருவி தன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், தனக்கு எத்தனை பட்டன் என்ற விவரம் எல்லாவற்றையும் ஒப்பிக்கும். 2006-ன் பிளேஸ்டேஷன் 3, கம்ப்யூட்டர்கள் ஏற்கெனவே பேசிவந்த பொதுவான யு.எஸ்.பி. முறையை ஏற்றது. செஞ்சி மாணவரின் ஸ்டிக் கம்ப்யூட்டரில் உடனே ஓடியது இதனால்தான். 2005-ன் எக்ஸ்பாக்ஸ் 360 தனக்கென்று தனி முறையை வைத்துக்கொண்டு, அதோடு அங்கீகாரச் சோதனையையும் சேர்த்தது.

இரண்டு போர்டு, ஒரே பட்டன்

ஸ்டிக்கைத் திருத்தும் முதல் வழி, தேவையான பேச்சைத் தெரிந்த போர்டையே உள்ளே வைப்பது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒன்றைப் பிரித்து, அதன் ரப்பர் பட்டன்களுக்குக் கீழே இருக்கும் செம்புத் தடங்களில் ஸ்டிக்கின் வயர்களைச் சால்டர் செய்துவிட வேண்டும். விரல் தட்டுவது பெரிய பட்டனை; போர்டோ தன்னுடைய பழைய பட்டன்தான் அமுக்கப்பட்டதாக எண்ணிக்கொள்ளும். இதற்கு எல்லாப் பட்டன்களுக்கும் பொது கிரவுண்ட் உள்ள கன்ட்ரோலராகத் தேடிப் பிடிக்க வேண்டும். ட்ரிகர்கள் சிக்கல் தரும். அவை ‘உண்டு, இல்லை’ என்று சொல்லாமல் எவ்வளவு அழுத்தம் என்று சொல்பவை. அவற்றை இருநிலையாக்க ரெசிஸ்டர்களைச் சேர்க்க நேரும்.

ஸ்டிக்கின் சொந்தப் போர்டையும் விட்டுவைத்து, இந்தப் புதுப் போர்டையும் அதே 16 வயர்களில் இணைத்தால் ஒரே ஸ்டிக் இரண்டு கன்சோல்களில் ஓடும். யு.எஸ்.பி. கேபிளின் இரண்டு தகவல் வயர்களை மட்டும் ஒரு சுவிட்ச் வழியாக இந்தப் போர்டுக்கோ அந்தப் போர்டுக்கோ திருப்பிவிட்டால் போதும். முதன்முறை செய்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள். வேண்டாத போர்டுக்கு மின்சாரத்தையும் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்தினால், எல்லாப் பட்டன்களும் ஒரே நேரத்தில் அமுக்கப்பட்டதாகத் திரை பைத்தியம் பிடித்து ஆடும்.

காரணம், சில்லின் ஒவ்வொரு காலிலிருந்தும் அதன் மின்வழங்கு தடத்துக்குப் போகும் பாதுகாப்பு டயோடு. நிலைமின்சாரம் தாக்கினால் சில்லைக் காப்பாற்ற அதை வைத்திருக்கிறார்கள். சில்லுக்கு மின்சாரம் இருக்கும் வரை டயோடு அசையாது. மின்சாரத்தை நிறுத்தினால் அந்தத் தடம் சுழியத்துக்கு இறங்கும். உடனே டயோடு திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் போர்டின் 5 வோல்ட்டை ஒவ்வொரு பட்டன் வயர் வழியாகவும் செத்த சில்லுக்குள் இழுத்துக்கொள்ளும். வயரின் மின்னழுத்தம் தாழும். தாழ்ந்தால் ‘அமுக்கப்பட்டது’ என்றுதானே பொருள். ஆகவே இரண்டு போர்டுகளுக்கும் எப்போதும் மின்சாரம் கொடுத்தே வைக்க வேண்டும். மாற்ற வேண்டியது பேச்சு வயர்களை மட்டும்.

ஒரே சில்லு, பல பேச்சு

இரண்டாம் வழி, பல பேச்சுகளையும் கற்ற ஒரே மைக்ரோகன்ட்ரோலரை வைப்பது. டூடுல்ஸ் என்ற புனைபெயரில் இயங்கிய ஓர் ஆர்வலர் உருவாக்கிய ‘எம்.சி. கத்துலு’ போர்டு இதில் முன்னோடி. பிரவுசிங் சென்டர்களில் எல்லோரும் பார்த்திருக்கும் ஆர்.ஜே.45 லேன் சாக்கெட்டை ஸ்டிக்கின் பின்புறம் பொருத்தினார்கள். கேபிளின் ஒரு முனையில் லேன் பிளக், மறுமுனையில் அந்தந்தக் கன்சோலின் பிளக். மின்சாரம் வந்ததும் சில்லு எந்த வயர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, எதிரில் இருப்பது எந்தக் கன்சோல் என்று கண்டுபிடித்து, அதன் முறையில் பேசத் தொடங்கும். பிறகு தைவானின் ப்ரூக் நிறுவனம் பல கன்சோல்களுக்குமான ‘யுனிவர்சல் ஃபைட்டிங் போர்டு’ என்பதைக் கடைச் சரக்காகவே விற்றது.

இந்த வேலையை ஓர் ஊர்க்காரரின் கைக்கு எட்ட வைத்தது ராஸ்பெர்ரி பை பிகோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த இந்தச் சிறு போர்டில் பயன்படுத்தக்கூடிய கால்கள் 26. நமக்குத் தேவை 15. ஜி.பி.2040-சி.ஈ. என்ற இலவசத் திறமூல மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. போர்டில் உள்ள சிறு பட்டனை அமுக்கியபடி கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் போலத் தோன்றும். மென்பொருள் கோப்பை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது. ஸ்டிக்கைக் கன்சோலில் செருகும்போது எந்தப் பட்டனைப் பிடித்திருக்கிறோமோ அதற்கேற்ற பேச்சு தேர்வாகும். அமுக்கியதற்கும் அனுப்புவதற்கும் இடையே ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. திரை ஒரு முறை புதுப்பிக்கப்படும் 16.7 மில்லி விநாடியில் இது சிறு பின்னம்.

செஞ்சியிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குச் சுமார் 150 கிலோமீட்டர். பிகோ போர்டு, வயர், சன்வா பட்டனின் கால்களில் செருகும் 2.8 மில்லிமீட்டர் கிளிப்புகள் எல்லாவற்றையும் அங்கே ஒரே நடையில் தேடலாம், அல்லது ஆன்லைனில் வரவழைக்கலாம். மற்ற கருவிகள், அதாவது சால்டரிங் அயர்னும் ஈயமும் மல்டிமீட்டரும், செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் இருப்பவைதான். கிளிப்பு இருப்பதால் பட்டனில் சூடு வைக்கவே தேவையில்லை. போர்டில் மட்டும் வைத்தால் போதும். வேலையைத் தொடங்கும் முன் மல்டிமீட்டரை ‘பீப்’ முறையில் வைத்து, ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி, எந்த வயர் எது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிகோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, பழைய போர்டிலிருந்து 5 வோல்ட் வயர் ஒன்று தவறி அதில் பட்டால் சில்லு போய்விடும். பழைய போர்டை முழுவதும் விடுவித்த பிறகே புதியதை இணைப்பது பாதுகாப்பு.

கடைசிப் பாலம்

எல்லாம் சரியாகச் செய்து பிளேஸ்டேஷன் 4-ல் செருகினால் ஸ்டிக் அருமையாக ஓடும், எட்டு நிமிடம் வரைக்கும். பிறகு துண்டிக்கப்படும். வயர் சரி, பேச்சு சரி. தவறுவது அடையாளச் சோதனை.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏறுபவர் ஒவ்வொரு வாயிலாகக் கடந்து உச்சியை நெருங்கும்போது ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும். அதன் மேல் போட்ட சிறு பாலம்தான் உச்சிக் கோட்டைக்கு வழி. பாலத்தை எடுத்துவிட்டால், கீழ் வாயில்களை எல்லாம் வென்றவரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பிளேஸ்டேஷன் 4-ன் சோதனையும் அந்த வகை. கன்சோல் தற்போக்கான ஒரு பெரிய எண்ணை அனுப்பும். உரிமம் பெற்ற கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரகசியச் சாவி, அந்த எண்ணின் மீது ஆர்.எஸ்.ஏ. முறையில் கணிதக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். கையெழுத்துச் சரிதானா என்று பார்க்கக் கன்சோலிடம் இருக்கும் பொதுச் சாவி போதும். ஆனால் அந்தப் பொதுச் சாவியைக் கொண்டு ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்க இயலாது. சாவியின் நீளம் 2048 பிட். வயரில் ஓடுவதை எத்தனை நாள் ஒட்டுக்கேட்டாலும் பயனில்லை, அடுத்த முறை எண் வேறாக இருக்கும்.

கன்ட்ரோலர் போர்டையே உள்ளே வைக்கும் பழைய முறைக்கு இங்கே ஒரு மதிப்பு உண்டு: அசல் போர்டு என்றால் அசல் சாவியும் கூடவே வரும். புதிய முறையிலும் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். பிகோவோடு இன்னொரு யு.எஸ்.பி. துளையைச் சேர்த்து, உரிமம் பெற்ற கருவி ஒன்றை அதில் செருகிவைப்பார்கள். கன்சோலின் கேள்வி வந்ததும் பிகோ அதை அந்தக் கருவியிடம் தள்ளிவிட்டு, அது தரும் பதிலை வாங்கிக் கன்சோலிடம் கொடுக்கும். பட்டன் செய்தி பிகோவுடையது. கையெழுத்து மட்டும் அசல் கருவியுடையது.

அப்படியானால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்குள் மட்டும் பிளேஸ்டேஷன் 3 ஸ்டிக் ஓடியது எப்படி? ‘ஸ்கல்கேர்ல்ஸ்’ என்ற சண்டை ஆட்டத்தை உருவாக்கிய லேப் ஜீரோ குழுவினர், பழைய ஸ்டிக்குகளின் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளை ஆட்டத்துக்குள்ளேயே எழுதினார்கள். அது கேப்காமின் ஆட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கன்சோல் அந்த ஸ்டிக்கை மதிக்காவிட்டாலும் ஆட்டம் மதித்தது. பிளேஸ்டேஷன் 5-லும் இதே கதைதான்: பொதுவாகப் புதிய ஆட்டங்களுக்குப் புதிய அங்கீகாரம் வேண்டும், ஆனால் சில சண்டை ஆட்டங்கள் மட்டும் பிளேஸ்டேஷன் 4 ஸ்டிக்குகளை ஏற்றுக்கொள்கின்றன. மைக்ரோசாஃப்ட் எதிர்த்திசையில் போனது. 2023 நவம்பரில் வந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு, அதுவரை எக்ஸ்பாக்ஸில் ஓடிக்கொண்டிருந்த உரிமம் பெறாத கருவிகள் நிறுத்தப்பட்டன. அந்த ஸ்டிக்குகளில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

ஸ்டிக்குக்கும் கன்சோலுக்கும் இடையே நிற்கும் தடைகளை இப்போது வரிசைப்படுத்திவிடலாம். பிளக்கின் வடிவத்துக்குக் கேபிள் போதும். மின்னழுத்த வேறுபாட்டுக்கு ஒரு ரெசிஸ்டரோ டயோடைப் பற்றிய அறிவோ போதும். பேச்சு முறையை யாராவது பொறுமையாக அளந்து பார்த்து எழுதிவிட்டால் பிறகு அது எல்லோருக்கும் பொது. நாற்பது ஆண்டு அனுபவம் அதைத்தான் காட்டுகிறது. அடையாளச் சோதனை மட்டும் வேறு இனம். அது ஒரு நிறுவனம் எடுத்த முடிவு; நிறுவனம் நினைத்தால் ஒரே அப்டேட்டில் தளர்த்தலாம், இறுக்கலாம். அளவுகருவி எதுவும் அதை முன்கூட்டிச் சொல்லாது.

ஆகவே ஸ்டிக் செய்பவர் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றே. கைக்கு உரிய பகுதியையும் கன்சோலுக்கு உரிய பகுதியையும் நிரந்தரமாக ஒட்டிவிடக் கூடாது. 16 வயர்களும் கழற்றிச் செருகக்கூடிய ஓர் இணைப்பானில் முடியட்டும். எந்த வயர் எந்தப் பட்டன் என்ற அட்டவணை மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கட்டும். லீவரின் சுருள்வில் தளர்ந்தால் சில ரூபாயில் மாற்றலாம், பட்டன் தேய்ந்தால் ஒரு பட்டனை மாற்றலாம். போர்டு காலாவதி ஆனால் போர்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.